ஐம்பத்துநான்கு கைகள்

போன வாரம் கற்பகம் டீச்சர் போன் செய்தார். நான் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு எடுப்பவர். கோவில்பதாகையில், ஏரிக்கரையிலிருந்து கால் மணி நேர நடையில் இருக்கிற சின்னப் பள்ளிக்கூடம் அது. வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகளை ஏரிக்குக் கூட்டிப்போய் நடத்துகிற வகுப்பை நிறுத்திவிடலாமா என்று புதிதாக வந்திருக்கும் தலைமையாசிரியர் யோசிக்கிறாராம். எங்கேயோ ஒரு ஊரில் ஒரு பிள்ளை குட்டையில் விழுந்த வீடியோ வாட்ஸப்பில் சுற்றுகிறது. பெற்றோர்கள் சிலர் வந்து கேட்டிருக்கிறார்கள்.

"ஆரம்பத்துல இருந்து கூடப் போய் வந்த ஏழுமலைகிட்ட ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிட்டு வாங்கன்னு சொல்றாருண்ணே. நீங்க பயந்தாங்கொள்ளின்னு ஊருக்கே தெரியும். நீங்களே ஆபத்துன்னு எழுதிட்டா, அப்புறம் யாரும் பேச முடியாது பாருங்க" என்றார் டீச்சர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவர் குரலில் ஒரு வருத்தம் இருந்தது.

பயந்தாங்கொள்ளி என்பது உண்மைதான். கேஸை மூடிவிட்டு மூன்று தடவை போய்ப் பார்ப்பவன் நான். "ஊட்டப் பூட்டிகினு பஸ் ஸ்டாண்டு வரிக்கும் போயி, பூட்ட இழுத்துப் பாக்கத் திரும்பி வர்ற ஆம்பள இந்த ஆவடிலயே நீ ஒருத்தன்தான்யா" என்பாள் என் மனைவி. எட்டாவதோடு படிப்பை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் டீச்சர் திருத்திக்கொள்ளட்டும். ஆனால் ஒரே வரியில் எழுதித் தருகிற விஷயமில்லை இது. அதனால் முழுசாக எழுதுகிறேன்.

பயம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பதினாறு வயதில் அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பில் சேர்ந்தேன். தகட்டை வைத்து பெடலை மிதித்தால் மேலேயிருந்து அச்சு இறங்கும். மெஷினுக்கு இரண்டு ஆள். மிதிக்கிறவர் "கை!" என்று கத்த வேண்டும். தகடு வைக்கிறவர் தன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டி "வெளியே!" என்று கத்த வேண்டும். அதற்கப்புறம்தான் பெடல். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை கத்துவோம். தொண்டை தானாகக் கத்தும், மனசு எங்கேயோ இருக்கும். ஒரு நாள் மதியம் மூன்றாவதாக ஒரு ஆள் துணி வைத்து அச்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. என் கைகள் இரண்டும் மேலேதான் இருந்தன. அவர் கையையும் சேர்த்து எண்ணாமல் "வெளியே" என்று சொன்ன வாய் என்னுடையது.

அதற்கு மேல் அதை எழுத எனக்கு மனசில்லை. அந்தக் கம்பெனி பிறகு மூடிவிட்டது. இங்கே அங்கே சில வருஷம் அலைந்துவிட்டு இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். மணி அடிக்க, கேட் பார்க்க, தண்ணீர் பிடிக்க, விழுந்த பிள்ளைக்கு மருந்து போட. இங்கே பெடல் இல்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

கொரோனா முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று கேட்டில் நின்று பார்த்தபோது அந்த நிம்மதி போய்விட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் என் கையைத் தட்டிவிட்டு ஓடிய பிள்ளைகள், மாடிக்குப் போகும் படியில் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். வெயிலில் நிற்க வைத்தால் கண்ணைச் சுருக்கினார்கள். புதுசாகக் கண்ணாடி போட்டவர்கள் வரிசைக்கு இரண்டு பேர். மைதானத்தில் விட்டால் சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்தார்கள். பரிசோதனைக்கு வந்த டாக்டரம்மா எல்லாரையும் பார்த்து முடித்துவிட்டு, மருந்துச் சீட்டை மூடி வைத்துவிட்டார். "இதுல பாதிப் பேருக்கு நான் மாத்திரை எழுதித் தர்றதுல அர்த்தமே இல்ல மேடம். வெளியே கூட்டிட்டுப் போங்க. தூரத்துல இருக்கிறதைப் பார்க்கட்டும், மண்ணைத் தொடட்டும், நடக்கட்டும். சும்மா கூட்டிட்டுப் போனா ஓரமா உட்கார்ந்துடுவாங்க. எதையாவது தேடச் சொல்லுங்க."

மேடம் என்றால் வசந்தா மேடம். அப்போது தலைமையாசிரியை. நாங்கள் பெரிய டீச்சர் என்போம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கையில் எப்போதும் ஒரு குடை. மழையிலும் விரிக்க மாட்டார். அதை வைத்து எதையாவது சுட்டிக்காட்டுவார், அவ்வளவுதான். பையில் ஒரு பச்சை மை பேனா. யார் என்ன புகார் சொன்னாலும் கடைசி வரை கேட்டுவிட்டு, "சரி. இப்ப என்ன செய்யலாம்?" என்பார். புகார் சொன்னவருக்கே வேலை வந்து சேரும்.

ஏரியில் வகுப்பு என்று அவர் சொன்ன அன்று நான் அவர் அறைக்கே போனேன். தண்ணீர், பாம்பு, நாய், லாரி, உடைந்த பாட்டில், குளவி என்று மூச்சுவிடாமல் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டார். ஒரு அரைத் தாளை என் முன்னால் வைத்தார்.

"எழுதுங்க, ஏழுமலை."

"இன்னா எழுதறதுங்க மேடம்?"

"இப்ப சொன்னீங்களே, அத்தனையும். ஒவ்வொரு வியாழக்கிழமையும் மறுநாளைக்கு என்னென்ன பயம் இருக்கோ எழுதி என்கிட்ட கொண்டு வாங்க."

அப்படித்தான் அந்தப் பழக்கம் தொடங்கியது. வியாழன் மதியம் நான் எழுதுவேன். அவர் பச்சைப் பேனாவால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என்ன செய்வது என்று எழுதுவார். 'பாம்பு' என்றால் 'குச்சியால் தட்டிக்கொண்டு முன்னால் நீங்கள்.' 'லாரி' என்றால் 'சிவப்புத் துணி, இரண்டு பக்கமும் ஆள்.' 'தண்ணீர்' என்றால் 'கரையிலிருந்து பத்தடிக்குச் சுண்ணாம்புக் கோடு.' ஒன்றும் செய்ய முடியாத பயமாக இருந்தால் அதை அடித்துவிட்டு, "இது உங்க வேலை இல்ல" என்பார். 'இடி விழுந்தால்' என்று எழுதியதை மட்டும் நாலு வாரம் அடித்தார்.

எண்ணிக்கை என் சொந்த யோசனை. தலையை எண்ணினால் பிள்ளைகள் ஒருவர் பின்னால் ஒருவர் மறைந்துகொள்வார்கள். அதனால் பிரஸ் ஷாப் வழக்கத்தை எடுத்துக்கொண்டேன். நான் "கை!" என்று கத்துவேன். அவர்கள் இரண்டு கையையும் தூக்கி "வெளியே!" என்று கத்த வேண்டும். வகுப்பில் இருபத்தேழு பேர், ஐம்பத்துநான்கு கை. கேட்டில் ஒரு தடவை, ரோட்டைக் கடந்ததும் ஒரு தடவை, கரை ஏறியதும் ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை. கையை ஒவ்வொன்றாக எண்ணுவேன். "அங்கிள், எங்கூட்டு கோயிக்குக் கூட ரெண்டு காலுதான், எண்ண வரீங்களா?" என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டும்.

மூன்று மாதத்தில் படியில் உட்கார்கிற பிள்ளைகள் குறைந்தார்கள். அது என் கண்ணால் பார்த்தது. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமைகூட எனக்குக் காலைச் சாப்பாடு இறங்கியதில்லை.

இனி பர்ஹானா. ஒன்பது வயது. இளைப்பு உள்ள பிள்ளை. மழை நாளில் அவள் மூச்சுவிடுவது பக்கத்துப் பெஞ்சுக்குக் கேட்கும், விசில் மாதிரி. அவளுடைய அத்தா இக்பால் பாய் மெத்தை தைப்பவர். பூந்தமல்லியிலிருந்து குடிவந்தவர்கள். அவள் அம்மா ஷமீம், மகளைக் கேட்டுக்குள் விட்டுவிட்டுக் கால் மணி நேரம் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவளும் நானும் ஒரே ஜாதி, பயந்த ஜாதி.

ஏரிக்கு அனுப்ப மாட்டேன் என்றாள். டாக்டரம்மா சீட்டு எழுதிக் கொடுத்தார்: மருந்தை மூச்சோடு இழுக்கிற நீல பம்ப், அதை மாட்டுகிற பிளாஸ்டிக் குடுவை, எப்போது எத்தனை அழுத்து என்று. பம்ப் என் தோள்பையில் இருக்கும் என்று நான் சத்தியம் செய்த பிறகு ஷமீம் ஒப்புக்கொண்டாள். பழைய காக்கிச் சட்டையில் நானே தைத்துக்கொண்ட பை அது. வெள்ளிக்கிழமை காலையில் மேஜை டிராயரிலிருந்து பம்ப்பை எடுத்துப் பையில் போட்டுத் தோளில் மாட்டினால், திரும்பி வரும் வரைக்கும் கழற்ற மாட்டேன்.

ஏரியில் முக்குளிப்பான் என்றொரு சின்னப் பறவை உண்டு. டக்கென்று முங்கும், எங்கேயோ தள்ளிப் போய் எழும். பர்ஹானா அதைத்தான் பிடித்துக்கொண்டாள். முங்கியதும் எண்ணத் தொடங்குவாள். "அங்கிள், இருவத்தொம்போது! இருவத்தொம்போது வரிக்கும் மூச்சே உடல அங்கிள் அது!" நோட்டில் எழுதிவைப்பாள். அவள் பறவையை எண்ணுவாள். நான் அவள் மூச்சை எண்ணுவேன். மூன்று வெள்ளிக்கிழமைகள் பம்ப்பை வெளியே எடுக்கவே இல்லை.

நாலாவது வெள்ளி மார்கழியில் வந்தது. வியாழன் அன்று பெரிய டீச்சர் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டார், சனிக்கிழமைதான் வருவார். நான் வழக்கம்போல் எழுதினேன். பதினொரு பயம். பதினோராவது: 'பனி. பர்ஹானாவுக்கு இளைப்பு வரும்.' பச்சைப் பேனா படாத தாளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கடைசியில் நானே பக்கத்தில் எழுதினேன்: 'விட்டுவிட்டுப் போகலாம்.'

காலையில் கேட்டில் ஷமீமிடம் சொன்னேன். "இன்னிக்கிப் பனியா கீதும்மா. புள்ள ரூம்லயே இருக்கட்டும்."

"நானே சொல்லலாம்னு வந்தேண்ணே. அல்லா உங்கள நல்லா வெக்கட்டும்" என்றாள். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்து எனக்கும் தெளிந்தது.

பர்ஹானாதான் விடவில்லை. "அங்கிள், நான் ஓட மாட்டேன் அங்கிள். சொட்டர் போட்டுகினுகீறேன் பாருங்க. அது இன்னிக்கி முப்பது தாண்டும் அங்கிள்."

"அடுத்த வாரம்மா" என்று சொல்லி, பனிக்காற்று படக்கூடாது என்று வகுப்பறை ஜன்னல்களையெல்லாம் நானே சாத்தினேன். கதவையும் இழுத்துவிட்டேன். பக்கத்து வகுப்பு டீச்சரிடம் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளச் சொன்னேன். எல்லாம் சரியாகச் செய்துவிட்ட திருப்தியோடு புறப்பட்டேன்.

கேட்டில் "கை!" இருபத்தாறு பேர், ஐம்பத்திரண்டு. ரோட்டைக் கடந்து ஐம்பத்திரண்டு. கரை மேல் ஐம்பத்திரண்டு. பனிக்குள் தண்ணீரே தெரியவில்லை. நல்ல வேளை விட்டுவிட்டு வந்தோம் என்று நினைத்தேன். ஒரு பையனுக்கு முள் குத்தியது. ஊசி எடுக்கப் பைக்குள் கைவிட்டேன். விரலில் பம்ப் பட்டது.

அந்த நொடியை நான் எப்படி எழுதுவேன்? அச்சு இறங்கும்போது வருகிற சத்தம் காதுக்குள் கேட்டது.

அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கழிப்பறை எங்கள் நாலாம் வகுப்பின் பின்சுவரை ஒட்டியது, சுவரின் மேலே காற்றுத் துவாரம். பிளீச்சிங் நெடி பிள்ளைகளுக்கு ஆகாது, அவர்கள் ஏரிக்குப் போயிருக்கும் நேரத்தில்தான் கழுவ வேண்டும் என்று பல மாதம் முன்பு நான்தான் தாளில் எழுதி, துப்புரவுப் பணி செய்யும் டெல்லியம்மாவின் நேரத்தை வெள்ளிக்கிழமை காலைக்கு மாற்ற வைத்தேன். இந்த வாரம் கறை போகவில்லை, ஆசிட் வாங்கி ஊற்றப் போகிறேன் என்று அவள் முந்தின நாள் சொன்னதும் நினைவுக்கு வந்தது. இன்று ஒரு பிள்ளை உள்ளே இருக்கிறது என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

கற்பகம் டீச்சரிடம் பிள்ளைகளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்காரவைக்கச் சொல்லிவிட்டு ஓடினேன். ஐம்பத்தேழு வயது கால். தண்ணீர் கேன் கட்டிய மொபெட் ஒன்று எதிரே வந்தது.

"இன்னா நைனா, நாய் தொரத்துதா?"

"கொயந்தைக்கு மூச்சு... மருந்து எங்கையில கீது, கொயந்த ஸ்கூல்ல கீது..."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கேனை அவிழ்த்து ரோட்டோரம் உருட்டிவிட்டு, "குந்து, குந்து, கெட்டியாப் புட்ச்சிக்கோ" என்றார்.

கேட்டுக்குள் நுழைந்தபோதே நெடி மூக்கில் ஏறியது. பர்ஹானா வராந்தாவில், டெல்லியம்மா மடியில். உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. விசில் சத்தம் இல்லை. சத்தம் இல்லாததுதான் மோசம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

"ஆசிட்ட ஊத்தனதும் பொகையா வந்துச்சுண்ணே. ஜன்னலு சாத்திக் கீதேன்னு கதவத் தொறந்து பாத்தா, உள்ள புள்ள கீது!" என்று டெல்லியம்மா அழுதாள். பிளீச்சிங்கும் ஆசிட்டும் சேரக் கூடாது என்பது அன்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

குலுக்கினேன். குடுவையில் மாட்டினேன். வாயில் வைத்து ஒரு அழுத்து. பத்து எண்ணினேன். மறுபடி குலுக்கி ஒரு அழுத்து, பத்து. அவள் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நாலாவது அழுத்துக்குப் பிறகு மெல்லிசாக ஒரு விசில் கேட்டது. வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. பக்கத்து வகுப்பு டீச்சர் ஆட்டோ பிடித்துவிட்டார். ஆஸ்பத்திரியில் மருந்து புகையாக வருகிற முகமூடியை மாட்டினார்கள். மாலைக்குள் உதட்டின் நிறம் திரும்பியது.

இக்பால் பாய் தாடியில் பஞ்சு ஒட்டியிருக்க ஓடிவந்தார். மகள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஷமீம்தான் பேசினாள். "உள்ள இருந்தா ஒண்ணும் ஆவாதுன்னுதானேண்ணே விட்டுட்டுப் போனேன்." அது திட்டு இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை பெரிய டீச்சர் அந்தத் தாளைக் கேட்டார். குடையை மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டு தடவை படித்தார்.

"பதினொரு பயம் எழுதியிருக்கீங்க. பதினொண்ணும் ஏரிக்குப் போறதைப் பத்தி. ரூமுக்குள்ள வரக்கூடியது ஒண்ணுகூட இல்லையே, ஏழுமலை."

நானும் எட்டி ஒரு தடவை படித்துப் பார்த்தேன்.

"பார்க்காதது நீங்க மட்டும் இல்ல. இத்தனை மாசமா கையெழுத்துப் போட்டது நான்" என்றார். தாளின் நடுவில் மேலிருந்து கீழ்வரை பச்சைக் கோடு ஒன்று போட்டார். ஒரு பக்கம் 'ஏரி', இன்னொரு பக்கம் 'அறை.'

"நான் இனிமே ஏரிக்குப் போவலைங்க மேடம். என்னால முடியாது."

"நீங்க போகலைன்னா அங்க பயப்படறதுக்கு யார் இருக்கா? கற்பகத்துக்குப் பயமே கிடையாது. சரி, இப்ப என்ன செய்யலாம்? அறைப் பக்கம் எழுதுங்க."

எழுதினேன். ஆசிட். கொசுவர்த்தி. சாத்திய ஜன்னல். சாக்பீஸ் தூசி. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பது. ஒரு முழத்துக்கு மேல் தூரமாக எதையும் பார்க்காத கண். எழுத எழுத ஏரிப் பக்கத்தைவிட இந்தப் பக்கம் நீண்டுகொண்டே போனது. இது வரைக்கும் இந்தப் பயங்களையெல்லாம் பார்க்காமல் அவற்றுக்கு நடுவிலேயே மணி அடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

கற்பகம் டீச்சர், ஆபத்து என்று எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதிவிட்டேன். ஏரி ஆபத்துதான். அதற்கு நான்கு வருஷத் தாள்கள் பச்சை மையோடு பள்ளிக்கூட பீரோவில் இருக்கின்றன. என்ன செய்ய வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. அறைக்கு அப்படித் தாள் வைத்திருக்கிறாரா என்று புது சாரைக் கேளுங்கள். வகுப்பை நிறுத்த வேண்டாம். பம்ப் போன்ற மருந்து, பிள்ளை எங்கே இருக்கிறதோ அங்கே இருக்க வேண்டும். இதை மட்டும் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள். நிறுத்த வேண்டாம் என்பதை இரண்டு தடவை அடித்துவிட்டுத் திரும்ப எழுதியிருக்கிறேன், தாளைப் பார்த்தாலே தெரியும்.

பர்ஹானா குணமாகிவிட்டாள் என்று பொய் சொல்ல மாட்டேன். இப்போது பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். பம்ப் இன்னும் அவள் புத்தகப் பையில்தான் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகும் அவள் ஏரிக்கு வந்தாள். அது எப்படி என்று சொல்லி முடிக்கிறேன்.

ஷமீம் இரண்டு மாதம் அவளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை. ஒரு சனிக்கிழமை பெரிய டீச்சரும் நானும் வீட்டுக்குப் போனோம். முன்னறை முழுக்கப் பஞ்சு மூட்டை. காற்றில் பஞ்சு மிதந்தது. கொசுவலை அடித்த ஜன்னலுக்குப் பின்னால் பர்ஹானா உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா என்ன சொன்னார் என்று பெரிய டீச்சர் எடுத்துச் சொன்னார்: பஞ்சைப் பின்கட்டுக்கு மாற்றுங்கள், பனியும் புகையும் இல்லாத நாளில் பிள்ளையை வெளியே விடுங்கள் என்று. பாய் தலையாட்டினார். ஷமீம் என்னைப் பார்த்தாள்.

"எனக்குத் தகிரியம் இல்லண்ணே."

"எனக்கும் இல்லம்மா. நீயும் கூட வா. ரெண்டு பேரும் பயந்துகினே போலாம்" என்றேன். பெரிய டீச்சர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மாசி மாதத்து வெள்ளிக்கிழமை. நல்ல வெயில். போகும் வழியெல்லாம் ஷமீம் மகளின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கரை ஏறினோம். தண்ணீர் பளபளவென்று இருந்தது. முக்குளிப்பான்கள் நாலைந்து முங்கி முங்கி எழுந்தன. பர்ஹானா மூச்சு எனக்குக் கேட்டது. விசில் இல்லை, வெறும் மூச்சு.

"கை!" என்றேன்.

"வெளியே!"

எண்ணினேன். ஐம்பத்துமூன்று. மறுபடி எண்ணினேன். ஐம்பத்துமூன்று. ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசியில் பர்ஹானா ஒரு கையைத் தூக்கியிருந்தாள். இன்னொரு கை ஷமீமின் பிடியில் இருந்தது.

"கைய உடும்மா" என்றேன். "நான் எண்ணணும்."

ஷமீம் தண்ணீரைப் பார்த்தாள். என் தோள்பையைப் பார்த்தாள். பையைத் திறந்து பம்ப்பை எடுத்துக் காட்டினேன். அவள் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

ஐம்பத்துநான்கு.